வீட்டுக் கணினிக்கு எந்த போட்டோ எடிட்டிங் மென்பொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு கணினி, போனில் குவிந்து கிடக்கும் படங்கள், பீரோவுக்குள் ஒரு பழைய ஆல்பம். இவற்றை வைத்துக்கொண்டு "எந்த சாஃப்ட்வேர் போடட்டும்?" என்று கேட்பவர்களுக்காக எழுதியது இது. ஸ்டூடியோ நடத்துபவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

போட்டோஷாப் இல்லாமல் முடியாதா?

தாராளமாக முடியும். படத்தை வெட்டுவது, இருட்டை வெளிச்சமாக்குவது, அளவு குறைப்பது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ தயாரிப்பது, பிறந்தநாள் படத்தில் பெயர் எழுதுவது இவைதான் வீட்டில் நடக்கும் வேலைகள். இதில் எதற்கும் போட்டோஷாப் கட்டாயம் இல்லை.

தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பி 1987-ல் தொடங்கிய வேலை அது. 1990 பிப்ரவரியில் மேக் கணினிக்கான முதல் பதிப்பாக வெளிவந்தது. முப்பது வருடங்களுக்கு மேலாக அச்சகம், விளம்பரம், பத்திரிகை, சினிமா என்று எல்லாத் துறைக்காரர்களும் கேட்டதைச் சேர்த்துச் சேர்த்து வளர்ந்திருக்கிறது. அந்த வசதிகளில் பெரும்பாலானவற்றை வீட்டில் இருப்பவர் வாழ்நாளில் ஒரு முறைகூடத் தொடப்போவதில்லை. ஆனால் மாதச் சந்தா முழுவதற்கும் சேர்த்துத்தான் போகும்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது?

மென்பொருளின் பெயரை மறந்துவிட்டு, கடைசியாக எப்போது "இந்தப் படத்தை இப்படி மாற்ற முடிந்தால் நன்றாக இருக்குமே" என்று நினைத்தீர்கள் என்று யோசியுங்கள். பையனின் தேர்வு விண்ணப்பமா, கோயில் விழா படமா, தாத்தாவின் கிழிந்த போட்டோவா? ஒவ்வொன்றுக்கும் ஏற்ற மென்பொருள் வேறு.

என்னைக் கேட்டால் வீட்டுக் கணினியில் இரண்டு இருந்தால் போதும். சொடுக்கியதும் திறக்கிற சின்ன மென்பொருள் ஒன்று, லேயர் (ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தனித்தனியே திருத்தும் அடுக்குகள்) வைத்து வேலை செய்கிற பெரியது ஒன்று. சின்னதற்கு இர்ஃபான்வியூ. 1996-லிருந்து வருகிறது, சில எம்பிதான், எவ்வளவு பழைய விண்டோஸ் கணினியிலும் ஓடும். சொந்த உபயோகத்துக்கு இலவசம். பெரியதற்கு கிம்ப், அல்லது கொஞ்சம் எளிமையாக வேண்டுமென்றால் பெயின்ட் டாட் நெட். பெயின்ட் டாட் நெட், 2004-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் திட்டப்பணியாகத் தொடங்கியது. விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதன் சொந்தத் தளத்தில் இலவசம்; மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் மட்டும் காசு கேட்கும்.

விண்டோஸிலேயே வரும் போட்டோஸ், பெயின்ட் இரண்டையும் ஒதுக்கிவிடாதீர்கள். விண்டோஸ் 11-ல் உள்ள பெயின்ட்டுக்கு 2023-ல் லேயர் வசதியும் பின்னணி நீக்கும் வசதியும் வந்துவிட்டன. வேறு எதையும் இறக்கும் முன் அவற்றைத் திறந்து பாருங்கள். வேலை அங்கேயே முடிந்தாலும் முடியும்.

என் கணினியில் 4 ஜிபி ரேம்தான். தாங்குமா?

மென்பொருளை விட உங்கள் படத்தின் அளவுதான் இங்கே முக்கியம். 4000-க்கு 3000 பிக்சல் உள்ள 12 மெகாபிக்சல் படம், ஜேபெக் கோப்பாக இருக்கும்போது 3 எம்பிதான் காட்டும். திறந்த உடனே அது விரிந்துவிடும். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட் என்றால் 36 எம்பி. ஒரு லேயர் நகல் எடுத்தால் இன்னொரு 36. 'அன்டூ' செய்வதற்காகப் பழைய நிலைகளையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். போன் 50 மெகாபிக்சலில் எடுத்த படமாக இருந்தால் ஒரு லேயரே 150 எம்பி. இதற்கிடையே பிரவுசரில் பத்து டேப் திறந்து கிடந்தால், கணினி திணறாமல் என்ன செய்யும்?

ஆகவே 4 ஜிபி கணினியில் இர்ஃபான்வியூவும் பெயின்ட் டாட் நெட்டும் நன்றாகவே ஓடும். கிம்ப்பும் ஓடும், ஆனால் மற்றவற்றை மூடிவிட்டு, லேயர்களைக் குறைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். போட்டோஷாப் வேண்டாம். அதைத் தயாரிக்கும் அடோபி நிறுவனமே குறைந்தபட்சம் 8 ஜிபி என்கிறது, 16 இருந்தால் நல்லது என்கிறது.

மென்பொருளுக்கு என்று காசு ஒதுக்கி வைத்திருந்தால் அதை ரேமுக்கும் எஸ்எஸ்டி-க்கும் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பகம்) போடுங்கள் என்பதுதான் என் பதில். மெதுவான ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் எந்த மென்பொருளைப் போட்டாலும் "இது சரியில்லை" என்றுதான் தோன்றும்.

அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் இன்னும் விண்டோஸ் 7 இருக்கிறது என்றால், கிம்ப்பின் 2.10 பதிப்பைப் போடுங்கள். புதிய 3.0 பதிப்புக்கு விண்டோஸ் 10-ஆவது வேண்டும்.

விண்ணப்பத்துக்கு போட்டோ 50 கேபி-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். எதில் செய்வது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துச் செய்துவரும் இந்த வேலையை வீட்டிலேயே சில நிமிடங்களில் முடிக்கலாம்.

ஐபிபிஎஸ் நடத்தும் வங்கித் தேர்வுகளை எடுத்துக்கொள்வோம். போட்டோ 200-க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்து 140-க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. மற்ற தேர்வுகளுக்கு அளவு வேறாக இருக்கலாம், அந்தந்த அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் செய்வது என்னவென்றால், போனில் எடுத்த 4000 பிக்சல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஜேபெக் தரத்தை மட்டும் குறைத்துக்கொண்டே போவார்கள். 50 கேபி வருவதற்குள் முகம் கட்டம் கட்டமாகிவிடும். காரணம் இருக்கிறது. ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கங்களைக் கழித்துத்தான் கோப்பைச் சுருக்குகிறது. அளவுக்கு மீறிச் சுருக்கினால் அந்தக் கட்டங்களே கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

முதலில் முகமும் தோளும் வருமாறு சரியான விகிதத்தில் வெட்டுங்கள். அடுத்து பிக்சல் அளவைக் குறையுங்கள். கடைசியாகத்தான் தரம். 200-க்கு 230-க்கு இறக்கிய பிறகு தரத்தை 90-ல் வைத்தாலே கோப்பு பெரும்பாலும் 50 கேபி-க்குள் அடங்கிவிடும். சில சமயம் 20-க்கும் கீழே போய் "கோப்பு மிகச் சிறியது" என்று தளம் திருப்பி அனுப்பும். அப்போது தரத்தை ஏற்றுங்கள். கிம்ப்பில் ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யும்போது முன்னோட்டம் காட்டும் பெட்டியில் டிக் செய்தால், தரத்தை நகர்த்த நகர்த்த கோப்பு எத்தனை கேபி என்று அங்கேயே தெரியும். பெயின்ட் டாட் நெட்டும் சேமிக்கும்போது அதைக் காட்டும்.

வெள்ளைப் பின்னணி வேண்டுமென்றால் மென்பொருளில் மல்லுக்கட்டாதீர்கள். பகல் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஓரடி தள்ளி நிறுத்தி எடுத்துவிடுங்கள். தலைமுடி ஓரத்தை மென்பொருளில் வெட்டினால் கத்தரித்து ஒட்டியது போலவே இருக்கும், சரிபார்ப்பவர் கண்ணில் உடனே படும்.

பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைத் தாளில் அடுக்கி பிரிண்ட் போட?

35-க்கு 45 மில்லிமீட்டர் போட்டோ என்றால், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 413-க்கு 531 பிக்சல். 4-க்கு 6 அங்குலத் தாள் 1200-க்கு 1800 பிக்சல். படத்தைப் படுக்கவைத்து அடுக்கினால் ஒரு தாளில் எட்டு போட்டோ வரும். கிம்ப்பில் 1200-க்கு 1800 வெள்ளைத் தாள் ஒன்றைத் திறந்து ஒட்டி வைத்துக்கொண்டால், அதையே அடுத்தடுத்த முறை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். கடையில் கொடுக்கும்போது "ஃபிட் டு பேஜ் வேண்டாம், அப்படியே போடுங்க" என்று சொல்ல மறக்காதீர்கள்.

கிம்ப் கஷ்டம் என்கிறார்களே?

முதல் வாரம் கஷ்டம்தான், மறுக்கவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1995-ல் எழுத ஆரம்பித்தது அது. அன்றிலிருந்து இன்றுவரை பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் வளர்க்கிறார்கள். கட்டற்ற மென்பொருள் என்பதால் காசும் இல்லை, காலாவதியும் இல்லை. ஆனால் புதிதாக வருபவருக்கு வழிகாட்டும் பளபளப்பும் இல்லை. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் நல்ல மாற்றம் ஒன்று வந்தது. கலர் திருத்தம், மங்கலாக்குதல் போன்றவற்றை லேயரின் மேல் போட்டுவிட்டு, பிறகு எப்போது வேண்டுமானாலும் அதை மாற்றலாம், எடுத்தும் விடலாம். முன்பெல்லாம் போட்டது போட்டதுதான்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் சேமிப்பதில்தான் இருக்கிறது. 'சேவ்' கொடுத்தால் கிம்ப் தன்னுடைய எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் சேமிக்கும். லேயர் எல்லாம் அதில் பத்திரமாக இருக்கும், ஆனால் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எதிரில் இருப்பவரால் திறக்க முடியாது. ஜேபெக் வேண்டுமென்றால் ஃபைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' போக வேண்டும். இது குறை இல்லை, நல்ல பழக்கம். எக்ஸ்சிஎஃப் கோப்பு வீட்டில் இருக்கட்டும், ஜேபெக் வெளியே போகட்டும்.

படத்தில் தமிழில் எழுதினால் எழுத்து உடைகிறதே?

இது மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்க்க வேண்டிய விஷயம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒப்பீடுகள் எதிலும் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

'கொ' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அது க-வும் ஒகரக் குறியும் என்று வரிசையாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை க-வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இந்த அடுக்கும் வேலையைச் செய்யும் பகுதி மென்பொருளில் இல்லையென்றால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறிவிடும். "கோபி வெட்ஸ் கௌசல்யா" என்று பேனர் எழுதினால் இரண்டு பெயரும் போயிற்று.

கிம்ப்பில் இந்தத் தொல்லை இல்லை. யூனிகோட் தமிழ் எழுத்துரு எதுவானாலும் நேராகத் தட்டச்சு செய்யலாம். போட்டோஷாப்பின் புதிய பதிப்புகளிலும் வரும், ஆனால் தானாக வராது. விருப்ப அமைப்புகளில் 'டைப்' பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். பதிப்புக்குத் தக்கபடி அது 'வேர்ல்டு ரெடி' என்றோ 'சவுத் ஏசியன்' என்றோ இருக்கும். பழைய பதிப்புகளில் இந்த வசதி சரியாக இல்லாததால்தான் நம் ஊர் டிசைனர்கள் பாமினி, வானவில் மாதிரியான எழுத்துருக்களில் ஊறிப்போனார்கள். அவற்றில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துதான், உருவம் மட்டும் தமிழ். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் நிறுவியதும் "கொடுத்தோம், கௌரவம், ஸ்ரீ" என்று எழுதிப் பாருங்கள். மூன்றும் ஒழுங்காக வந்தால் நம்பி வேலையைத் தொடங்கலாம்.

தாத்தா பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைச் சரிசெய்ய எது நல்லது?

கிம்ப் போதும். ஆனால் இந்த வேலையில் பாதி ஸ்கேனரிலேயே இருக்கிறது.

கண்ணாடிச் சட்டத்தில் இருந்த படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும், பிறகு யாராலும் மீட்க முடியாது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். கையடக்கமான சின்னப் படத்துக்கு 600 டிபிஐ வையுங்கள். 2-க்கு 3 அங்குலப் படம் அதில் 1200-க்கு 1800 பிக்சலாக வரும், அப்படியே 4-க்கு 6 பிரிண்ட் தெளிவாகப் போடலாம். டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்யாதீர்கள், கலரிலேயே எடுங்கள். பழைய படங்களில் கறை மஞ்சளாகத்தான் இருக்கும். கலரில் ஸ்கேன் செய்த படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களாகப் பிரித்துப் பார்த்தால், நீலத்தில் அந்தக் கறை கருந்திட்டாகத் தெரியும், சிவப்பில் பெரும்பாலும் காணாமலே போயிருக்கும். சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக்கொண்டால் கறை நீக்கும் வேலையில் பெரும்பகுதி ஒரே சொடுக்கில் முடிந்துவிடும். கிம்ப்பில் கலர்ஸ் மெனுவில் 'காம்பொனன்ட்ஸ்' கீழே 'டீகம்போஸ்' என்று இருக்கிறது.

அப்புறம் கீறல்கள். அசல் லேயருக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதில் 'ஹீல்' கருவியை வையுங்கள். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பக்கத்தில் உள்ள நல்ல இடத்தைச் சொடுக்கி, பிறகு கீறலின் மேல் சின்னச் சின்னதாகத் தொட்டு வாருங்கள். தூரிகை கீறலின் அகலத்தை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். பின்னணியையும் உடையையும் முதலில் முடியுங்கள், கை பழகிய பிறகு முகத்துக்கு வாருங்கள். கண், மூக்கு ஓரம், உதடு இந்த மூன்றிலும் சந்தேகம் இருந்தால் கீறலை அப்படியே விட்டுவிடுவது மேல். கீறல் உள்ள பாட்டி பாட்டியாகவே இருப்பார்.

ஏஐ ஒரே நிமிடத்தில் கலராக்கித் தருகிறதே?

தருகிறது. ஆனால் பாட்டியின் புடவை அரக்கா, பச்சையா என்று அதற்குத் தெரியாது. யூகித்துப் பூசுகிறது. மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் கருவிகள் இன்னும் மோசம். இல்லாத கண் இமையையும் பல் வரிசையையும் அதுவே கற்பனை செய்து வரைந்துவிடும், முகம் அழகாக இருக்கும், ஆனால் வேறு யாரோவாக இருக்கும். விளையாட்டுக்குச் செய்து பாருங்கள். சட்டம் போட்டு மாட்டுவதற்கு முன்னால் அவரை நேரில் பார்த்த ஒருவரிடம் காட்டுங்கள்.

பின்னணியில் குறுக்கே வந்தவரை அழிப்பது போன்ற வேலைகளுக்கு ஏஐ உண்மையிலேயே வசதிதான். பல மென்பொருள்களில் இந்த வசதி உங்கள் படத்தை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பித்தான் வேலை செய்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். குழந்தைகள் படம், ஆதார் நகல் போன்றவற்றை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே செய்ய முடியுமா?

போட்டோபீ என்று ஒன்று இருக்கிறது. இவான் குட்ஸ்கிர் என்ற ஒருவர் எழுதியது. பார்ப்பதற்கு அச்சு அசல் போட்டோஷாப் மாதிரி இருக்கும், போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பையும் லேயரோடு திறக்கும். பிரவுசரில் நடந்தாலும் வழக்கமான திருத்த வேலைகளில் கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை, எல்லாம் உங்கள் ரேமிலேயே நடக்கிறது. ஓரத்தில் விளம்பரம் வரும், காசு கட்டினால் போய்விடும். அலுவலகக் கணினியிலோ, நிறுவ அனுமதி இல்லாத இடத்திலோ இதற்கு இணை இல்லை. பெரிய படம், நிறைய லேயர் என்று போனால் திணறும்.

"போட்டோவைப் பதிவேற்றுங்கள், 50 கேபி ஆக்கித் தருகிறோம்" என்னும் தளங்கள் வேறு ரகம். அங்கே உங்கள் படம் நிஜமாகவே வெளியே போகிறது.

அஃபினிட்டி இலவசமாகிவிட்டதாமே, உண்மையா?

உண்மை. செரிஃப் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் போட்டோஷாப்புக்குப் போட்டியாக அஃபினிட்டி போட்டோவை 2015-ல் கொண்டுவந்தது. ஒரே முறை காசு கட்டினால் போதும் என்பதே அதன் பெருமை. 2024-ல் கேன்வா நிறுவனம் செரிஃபை வாங்கியது. 2025 அக்டோபர் இறுதியில் படத் திருத்தம், வரைகலை, பக்க வடிவமைப்பு மூன்றையும் ஒரே மென்பொருளாக்கி இலவசமாக விட்டார்கள். கேன்வா கணக்கு வேண்டும். ஏஐ வசதிகள் மட்டும் கட்டணச் சந்தாவில் வருகின்றன. லினக்ஸுக்கு இல்லை.

8 ஜிபி-க்கு மேல் ரேம் உள்ள, ஓரளவு புதிய கணினி என்றால் கிம்ப்புக்கு முன் இதை முயன்று பார்க்கலாம். கைக்கு மென்மையாக இருக்கிறது. ஆனால் முன்பு சொன்ன "கொடுத்தோம், கௌரவம், ஸ்ரீ" சோதனையை முதல் வேலையாகச் செய்துவிடுங்கள். இந்திய எழுத்துகளில் இதன் பழைய பதிப்புகளுக்கு நல்ல பெயர் இல்லை. ஒரு நிறுவனம் இன்று இலவசமாகத் தருவதை நாளையும் தரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது; முடித்த படங்களை ஜேபெக்காகவோ டிஃப்பாகவோ ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிராக் போட்ட போட்டோஷாப்பைக் கடைக்காரர் இலவசமாகப் போட்டுத் தருகிறார். என்ன தப்பு?

சட்டப்படி தப்பு என்பது உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுவோம். கிராக் போடும்போது முதலில் என்ன சொல்கிறார்கள்? "ஆன்ட்டி வைரஸை ஆஃப் பண்ணுங்க" என்கிறார்கள். அதாவது, முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்கு உங்கள் கணினியின் கதவைத் திறந்துவிட்டு, காவலுக்கு இருந்தவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் 'ஸ்டாப்' வகை ரான்சம்வேர் பெருமளவில் பரவியது இப்படிப்பட்ட கிராக் கோப்புகள் வழியாகத்தான். படங்களை அழகாக்கப் போய், மொத்தப் படங்களையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

இலவச மென்பொருளை இறக்கும்போதும் இதே கவனம் வேண்டும். 2022-ல் கூகுளில் கிம்ப் என்று தேடியவர்களுக்கு அசல் முகவரி போலவே தோன்றும் ஒரு விளம்பரம் மேலே வந்தது. அதைச் சொடுக்கியவர்கள் போய்ச் சேர்ந்தது போலித் தளத்துக்கு, இறங்கியது கடவுச்சொல் திருடும் நிரல். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தவிர்த்துவிட்டு, கிம்ப் டாட் ஆர்க் என்று முகவரியை நீங்களே தட்டுங்கள்.

பிகாசா மாதிரி படங்களை அடுக்கி வைக்க இப்போது என்ன இருக்கிறது?

பிகாசாவைக் கூகுள் 2016 மார்ச்சில் நிறுத்திவிட்டது. இன்னும் அதை நினைத்து ஏங்குபவர்கள் டிஜிகேம் போட்டுப் பாருங்கள். இதுவும் கட்டற்ற மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முகங்களை அடையாளம் கண்டு ஆள்வாரியாகப் பிரிக்கும் வேலையை இணையம் இல்லாமல் உங்கள் கணினியிலேயே செய்யும். முதல் தடவை எல்லாப் படங்களையும் படித்து முடிக்க நேரமெடுக்கும். இரவு ஓடவிட்டுத் தூங்கப் போங்கள்.

கேமராவில் ரா முறையில் எடுக்கிறேன். கிம்ப் போதுமா?

தனியாகப் போதாது. ரா என்பது கேமராவின் சென்சார் பதித்த, இன்னும் பதப்படுத்தாத தரவு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், ராவில் 12 பிட் என்றால் 4096, 14 பிட் என்றால் 16,384. நிழலில் இருட்டிக் கிடக்கும் முகத்தை மீட்க முடிவது இந்தக் கூடுதல் படிகளால்தான். அதற்கென்றே டார்க்டேபிள், ராதெரபி என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. டார்க்டேபிள் ஆழமானது, கற்க நாளாகும். ராதெரபியில் சீக்கிரம் கை பழகிவிடும். ஒரு கல்யாணத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை ஒரே மாலையில் முடிக்க வேண்டும், வாராவாரம் இதே வேலை என்றால் மட்டும் அடோபியின் லைட்ரூம் சந்தா நியாயம். ஒரே படத்தில் செய்த திருத்தத்தை மற்ற எல்லாவற்றுக்கும் பரப்புவதில் அதன் வேகம் காசுக்குத் தகும்.

சந்தா இல்லாமல் அடோபியிடமிருந்து வாங்க வழி உண்டா?

போட்டோஷாப்பின் ஒருமுறை வாங்கும் பதிப்பு 2012-ல் வந்த சிஎஸ்6-ஓடு முடிந்தது. 2013-லிருந்து சந்தாதான். எலிமென்ட்ஸ் என்ற எளிய பதிப்பை ஒரே தவணையில் வாங்கலாம். ஆனால் அதன் 2025 பதிப்பிலிருந்து உரிமம் மூன்று வருடத்துக்குத்தான். பெட்டியில் வாங்கினால் காலத்துக்கும் நம்முடையது என்ற பழைய நினைப்பில் வாங்க வேண்டாம்.

பிள்ளை டிசைன் வேலைக்குப் போக ஆசைப்படுகிறான். அப்போதும் கிம்ப்தானா?

இல்லை, அங்கே கதை வேறு. ஸ்டூடியோக்களில் பிஎஸ்டி டெம்ப்ளேட்டுகளில்தான் வேலை நடக்கிறது. 12-க்கு 36 அங்குல ஆல்பம் பக்கம் 300 டிபிஐ-யில் 3600-க்கு 10,800 பிக்சல், ஒரு லேயர் மட்டும் 116 எம்பி-க்கு மேல். அப்படிப் பத்து லேயர் உள்ள கோப்பைத் திறந்து வேகமாக வேலை செய்பவரைத்தான் கடைக்காரர் தேடுகிறார். வேலை தேடும் சில மாதங்களுக்கு மட்டும் சந்தா எடுத்து போட்டோஷாப்பைக் கையில் ஏற்றிக்கொள்ளட்டும். அதற்கு முன் லேயர், மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் மறைப்பது), செலக்‌ஷன் இந்த மூன்றையும் போட்டோபீயிலேயே பழகலாம். மெனு ஏறக்குறைய ஒன்றுதான்.

லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்கள்?

லினக்ஸில் கிம்ப், டிஜிகேம், டார்க்டேபிள் எல்லாம் மென்பொருள் மையத்திலேயே கிடைக்கும், தனியாகத் தேட வேண்டியதில்லை. போட்டோஷாப் லினக்ஸுக்கு வருவதில்லை. மேக்கில் உடன் வரும் போட்டோஸ், பிரிவ்யூ இரண்டிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

திரையில் பளிச்சென்று இருக்கும் படம் பிரிண்ட்டில் இருட்டாக வருகிறது. மென்பொருளை மாற்ற வேண்டுமா?

வேண்டாம், திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். மானிட்டர்களும் மடிக்கணினிகளும் பெரும்பாலும் தேவைக்கு மேல் வெளிச்சமாகத்தான் வைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு படத்தைத் திருத்தினால் நீங்களே அறியாமல் இருட்டாக்கிவிடுவீர்கள். வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் உள்ள வெள்ளை அதை விடக் கண்ணைப் பறிக்காத அளவுக்கு இறக்குங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டை எடிட் செய்யும்போது அணைத்துவிடுங்கள். விலை குறைந்த மடிக்கணினித் திரைகளில் தலையைக் கொஞ்சம் மேலே கீழே அசைத்தாலே நிறம் மாறும், அதனால் நேராக உட்கார்ந்து பாருங்கள். கடைக்கு அனுப்பும் கோப்பு எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறமுறையில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் அது சுருக்கிவிடும். பெரிய பிரிண்ட் போடுவதற்கு முன் ஒரு 4-க்கு 6 மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, இருட்டாக இருந்தால் அதற்கேற்ப வெளிச்சத்தை ஏற்றி மறுபடி கொடுங்கள்.